பரணில் கிடக்கும் கோழிப்பண்ணை

நாட்டுக்கோழி வளர்க்க விரும்பும் சிறு விவசாயி முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு முதல் வேண்டும்?" என்பதுதான். இதற்குப் பதிலாக அவர் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் கொடுக்கப்படுகிறது. கம்பிக் கூண்டு, பிளாஸ்டிக் தீவனத் தட்டு, தண்ணீர்க் குடுவை, தகரத் தடுப்பு, முட்டையிடும் பெட்டி என்று அது நீண்டுகொண்டே போகும். பத்துக் கோழி வளர்க்க எண்ணியவர் பட்டியலைப் பார்த்துவிட்டு எண்ணத்தையே கைவிடுகிறார். அல்லது கடன் வாங்கிக் கூண்டை வாங்கிவிட்டு, தடுப்பூசிக்கும் தீவனத்துக்கும் கையில் காசில்லாமல் நிற்கிறார்.

அந்தப் பட்டியலில் உள்ள பொருள்களில் பாதிக்கு மேல் அவருடைய வீட்டிலேயே இருக்கின்றன என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. பரணிலும், மாட்டுக் கொட்டகையின் மூலையிலும், கிணற்றடியிலும் அவை தூசி படிந்து கிடக்கின்றன. டிராக்டர் வந்தபின் ஏர்க்காலும் நுகத்தடியும் சுவரில் சாய்ந்தன. மின் மோட்டார் வந்தபின் கவலைச் சால் கவிழ்த்து வைக்கப்பட்டது. நெல்லைச் சாக்கில் கட்டி உடனே விற்கும் பழக்கம் வந்தபின் குதிர் வெறுமையானது. மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபின் ஆட்டுக்கல் வாசலுக்குப் போயிற்று. இவை அனைத்தும் அந்த ஊர்த் தச்சரும், குயவரும், கூடை முடைபவரும், வீட்டுப் பெண்களும் கையால் செய்த பொருள்கள். புறக்கடைக் கோழி வளர்ப்புக்கு இவற்றில் பெரும்பாலானவை நன்றாகப் பயன்படும். ஆனால் பழையது என்பதாலேயே எல்லாம் நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அறிந்து செய்ய வேண்டும்.

பஞ்சாரம் ஒன்று, வேலை மூன்று

மூங்கில் பிளாச்சிலோ புளிய விளாரிலோ முடைந்த பஞ்சாரத்தை அறியாத கிராமம் தமிழ்நாட்டில் இல்லை. கொங்குப் பகுதியில் இதைக் கொடாப்பு என்பார்கள். குஞ்சுகளோடு தாய்க்கோழியைப் பகலில் கவிழ்த்து வைப்பது இதன் முதல் வேலை. பொரித்த முதல் மூன்று வாரங்களில்தான் காகம், பருந்து, பூனை, கீரி ஆகியவற்றால் குஞ்சுகள் அதிகம் சாகின்றன. பன்னிரண்டு குஞ்சு பொரித்த கோழியின் பின்னால் மாதம் ஒன்று கழித்து மூன்று குஞ்சு மட்டும் ஓடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். 'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்பது பழமொழி. மிதித்துச் சாவதில்லைதான், மேய விட்டுத்தான் சாகிறது. அந்த மூன்று வாரமும் பஞ்சாரத்துக்குள் வைத்து, அன்றாடம் இடம் மாற்றி, நொய்யரிசியும் தண்ணீரும் உள்ளேயே வைத்தால் இழப்பு பெருமளவு குறையும்.

இரண்டாவது வேலை, குஞ்சுகளுக்குத் தனித் தீவனம் கொடுப்பது. குஞ்சுகள் வெளியே மேயத் தொடங்கியபின், பஞ்சாரத்தின் விளிம்புக்கு அடியில் மூன்று கல் வைத்து மூன்று நான்கு அங்குலம் உயர்த்திவிட வேண்டும். உள்ளே உடைத்த கம்பையோ கேழ்வரகையோ தட்டில் வைத்தால், குஞ்சுகள் மட்டும் நுழைந்து தின்னும். பெரிய கோழிகள் நுழைய முடியாது. கடையில் விற்கும் எந்தக் கருவியும் இதைவிட நன்றாக இந்த வேலையைச் செய்துவிடாது.

மூன்றாவது வேலை, கோழியைப் பிடிப்பது. தடுப்பூசி போடும் நாளில் கோழியை ஊரெல்லாம் விரட்டுவதைவிட, காலையில் திறந்துவிடுமுன் பஞ்சாரத்துக்குள் அடைத்து வைத்தால் ஒவ்வொன்றாக எளிதில் எடுக்கலாம்.

ஆனால் இரவுக் காவலுக்குப் பஞ்சாரம் போதாது. ஒரு அங்குல இடைவெளி இருந்தால் பாம்பும் எலியும் நுழையும். உச்சியில் கல் வைத்தாலும் நாய் புரட்டிவிடும். தரையோடு இருப்பதால் மழைக்காலத்தில் ஈரமும் ஏறும். எனவே பஞ்சாரம் பகலுக்கு. இரவுக்குத் தரையிலிருந்து உயர்ந்த கூடு வேண்டும்.

வண்டித் தட்டியில் இரவுக் கூடு

பழைய கட்டை வண்டியின் மூங்கில் தட்டிகள் பல வீடுகளில் அடுப்புக்குப் போகின்றன. அவற்றை எரிக்காமல் வைத்திருந்தால் இரவுக் கூட்டுக்குத் தரையும் சுவரும் அவையே ஆகும். நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம் உள்ள கூடு பத்துக் கோழிகளுக்குப் போதும். இரவில் அடைய ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பது கணக்கு. நான்கு கால் நட்டு, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தட்டியை அமைத்தால் எச்சம் இடுக்கு வழியே கீழே விழும், கூடு உலர்ந்திருக்கும். கீழே விழும் எச்சத்தை வாரத்துக்கு ஒரு முறை கூட்டி எருக்குழியில் சேர்க்கலாம். கூரைக்குப் பனை ஓலையோ தென்னங்கீற்றோ போதும். கோடை வெயிலில் தகரக் கூரையைவிட ஓலைக்கூரை எவ்வளவோ மேல்.

நான்கு கால்களிலும் பழைய எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்திய தகரத்தைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சுற்றி அடிக்க வேண்டும். வழுக்கும் தகரத்தில் எலி ஏறாது. கீரிக்கும் பாம்புக்கும் ஏறுவது கடினம். கூட்டைச் சுவரோடு ஒட்டி வைத்தால் இந்த ஏற்பாடு வீணாகும் என்பதை மறக்கக்கூடாது.

கோழி இயல்பாகக் கிளையில் அடையும் பறவை. கூட்டுக்குள் ஏர்க்காலையோ நுகத்தடியையோ குறுக்கே பொருத்தினால் அது விரும்பி ஏறும். கைபட்டு வழவழத்த உருண்டை மரம் அதன் பாதத்துக்கு ஏற்றது. சதுரச் சட்டத்தின் கூர்விளிம்பில் நிற்கும் கோழிக்குப் பாதம் புண்ணாகிறது. ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்று கொண்டால் ஐந்தடி நுகத்தடியில் ஏழு கோழிகள் அடையலாம்.

அடைக்கும் முட்டைக்கும் மண்ணும் ஓலையும்

நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டைதான் இடும். ஆகவே ஒவ்வொரு முட்டைக்கும் மதிப்பு உண்டு. முட்டையிடவும் அடைகாக்கவும் ஓலைக் கடகப்பெட்டி, நார்ப்பெட்டி, வாயகன்ற மண்சட்டி ஆகியவை மிகவும் ஏற்றவை. ஒன்றேகால் அடி அகலம் இருந்தால் போதும். அடியில் மணலும் அதன்மேல் வைக்கோலும் பரப்பி, நடுவில் சற்றுக் குழிவாக்கி, வீட்டின் இருண்ட அமைதியான மூலையில் வைக்க வேண்டும்.

முட்டையைச் சேர்த்து வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் திண்ணையிலோ அடுப்படியிலோ கிடக்கும் முட்டையில், அடை வைக்குமுன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி இறந்துவிடுகிறது. பிறகு இருபத்தொரு நாள் கோழி அமர்ந்தும் குஞ்சு வராது. பழி கோழியின்மேலோ சேவலின்மேலோ விழும். இதைத் தடுக்க ஒரு பழைய மண்பானை போதும். அகன்ற தாம்பாளத்திலோ பள்ளத்திலோ ஈரமணல் பரப்பி, அதில் பானையைப் பாதி புதைத்து, பானைக்குள் உலர்ந்த உமியோ மணலோ இட்டு, முட்டையின் அகன்ற முனை மேலே இருக்குமாறு அடுக்க வேண்டும். பானை வாயை மெல்லிய துணியால் மூடி, மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். முட்டையைக் கழுவக்கூடாது. ஒவ்வொன்றிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதி, ஏழு நாளுக்குள் அடை வைத்துவிட வேண்டும். சிறிய உடலுடைய நாட்டுக்கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைத்தால், ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போதாது.

அடைப்பெட்டியில் இரும்புத் துண்டும், கரியும், மிளகாய் வற்றலும் போடுவது பல ஊர்களில் வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடும் என்ற நம்பிக்கையால் வந்தது இது. போடுவதால் கேடில்லை, ஆனால் இதையே நம்பி ஏழாம் நாள் சோதனையை விட்டுவிடுவதில்தான் கேடு. இருட்டறையில் டார்ச் விளக்கின் ஒளியை முட்டையின் அகன்ற முனையில் பாய்ச்சிப் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் சிலந்தி வலைபோல் சிவந்த நரம்புகள் தெரியும். தெளிவாகத் தெரியும் முட்டை கூமுட்டை. அதை எடுத்துவிட்டால் மற்றவற்றுக்குச் சூடு கூடும்.

தாயில்லாக் குஞ்சுக்குக் குதிர்

விலைக்கு வாங்கிய ஒரு நாள் குஞ்சுகளுக்குத் தாயின் சூடு இல்லை. முதல் வாரத்தில் அவற்றுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு தேவை; வாரந்தோறும் 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். உடைந்த குதிரின் அடி உறை, மூன்று அடி அகலம் இருந்தால், 25 குஞ்சுகளை முதல் பத்து நாள் வைத்துக்கொள்ளும். வட்டமாக இருப்பதால் குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாவதில்லை. மண்சுவர் வாடைக்காற்றையும் தடுக்கும். அடியில் இரண்டு அங்குலம் நெல் உமி பரப்பி, மேலே 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். இப்போது வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்குப் போதிய சூடு தராது. குஞ்சுகள் விளக்கின்கீழ் நெருக்கியடித்து நின்றால் சூடு போதவில்லை. சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு விட்டால் சூடு மிகுதி. மின்சாரம் நின்றுவிட்டால், வெந்நீர் நிரப்பி வாயை மூடிய மண்கலயத்தைச் சாக்கால் சுற்றி நடுவில் வைக்கலாம். கரி நெருப்பு வைப்பது ஆபத்து. மூடிய அறையில் அதன் நச்சுக்காற்று குஞ்சுகளையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரையும் கொல்லும்.

தண்ணீர், சாம்பல், கரையான்

ஆட்டுக்கல்லும் உரலும் பெரிய கோழிகளுக்கு நல்ல தண்ணீர்த் தொட்டிகள். கோழி ஏறி நின்றாலும் அவை கவிழ மாட்டா. ஆனால் குழி ஆழமாக இருந்தால் குஞ்சுகள் விழுந்து மூழ்கும். பாதிக் குழிவரை கூழாங்கல் நிரப்பிவிட்டால் அந்த அச்சமில்லை. குஞ்சுகளுக்கு ஆழமில்லாத மண்சட்டியின் நடுவில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, மேலே கல் வைத்து, சுற்றிலும் குறுகிய வட்டத்தில் தண்ணீர் ஊற்றலாம். மண்சட்டித் தண்ணீர் கோடையில் குளிர்ந்திருப்பதால் கோழி நிறையக் குடிக்கும். வெப்ப அயர்ச்சியைத் தாங்கும். பாசி பிடிக்காமல் அன்றாடம் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த ஒன்றில் பிளாஸ்டிக் பாத்திரம் மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதைக் கழுவுவது எளிது. மண்சட்டியைக் கழுவ நேரமில்லாதவர் பிளாஸ்டிக் தட்டே வாங்கட்டும்.

கோழி மண்ணில் புரண்டு குளிப்பது விளையாட்டல்ல; பேனையும் செள்ளையும் போக்கிக்கொள்ள அது கண்ட வழி. கவலைச் சாலின் அடிப்பாகத்திலோ அகன்ற பழைய கூடையிலோ விறகுச் சாம்பலும் மணலும் கலந்து, மழைபடாத இடத்தில் வைத்தால் கோழி தானே குளித்துக்கொள்ளும். துருப்பிடித்துக் கூர்மையான விளிம்பை மட்டும் மடித்துத் தட்டிவிட வேண்டும்.

ஓட்டைப் பானைக்கும் வேலை உண்டு. கிழிந்த கோணி, காய்ந்த சாணம், மட்கிய ஓலை ஆகியவற்றைப் பானைக்குள் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் கரையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு இது செலவில்லாத புரதம். வீட்டு மரத்தூணுக்கு அருகிலும், பூச்சிமருந்து தெளித்த நிலத்திலும் இதைச் செய்யக்கூடாது.

தொடக்கூடாத பழையன

பூச்சிமருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு முற்றிலும் போகாது. காலி டப்பாக்களை மறுபடி பயன்படுத்தாமல் உடைத்துப் புதைக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளிலேயே உள்ளது. அப்படியிருந்தும் அவற்றைப் பாதியாக வெட்டிக் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. மருந்து கலந்த விதை வந்த சாக்கையும் கூட்டில் தொங்கவிடக்கூடாது. பூசணம் பிடித்த தானியம் கிடந்த குதிரைச் சுரண்டி, கழுவி, நன்கு காயவிடாமல் அதில் தீவனம் கொட்டக்கூடாது.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பழைய மூங்கில், மரப்பொருள்களின் இடுக்குகளில் கோழி உண்ணி பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். இரையில்லாமலே பல மாதம் உயிரோடிருக்கும் தன்மை அதற்கு உண்டு. ஆறு மாதமாகக் கோழி இல்லாத கூடுதானே என்று எண்ணி அப்படியே எடுத்துப் பயன்படுத்துவது தவறு. முதலில் தேய்த்துக் கழுவி, கொதிநீரை இடுக்குகளில் ஊற்றி, இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு மரத்துக்குச் சுண்ணாம்பும், கூடைக்குச் சாணமும் களிமண்ணும் கலந்த பூச்சும் பூசினால் இடுக்குகள் அடைபடும். வெள்ளைக் கழிச்சல் கண்டு கோழிகள் இறந்த வீட்டில், அவை இருந்த ஓலைப்பெட்டியையும் வைக்கோலையும் எரித்துவிடுவதே முறை. அவற்றில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும்?

பழைய பொருளைக் கொண்டு கோழி வளர்க்கச் சொல்வது, விவசாயியை மீண்டும் பழங்காலத்துக்கு இழுப்பதாகும் என்று சிலர் கூறலாம். ஏழைக்கு மட்டும் ஏன் ஓட்டைப் பானை என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் பண்ணைக்கு இந்த முறைகள் பொருந்தா. நாமக்கல் பண்ணையில் பஞ்சாரத்துக்கு இடமில்லை. ஆனால் பத்துக் கோழி வளர்க்கும் வீட்டின் கணக்கு வேறு. அங்கே கூண்டு முட்டை இடுவதில்லை, கோழிதான் இடுகிறது. கூண்டில் முடங்கும் பணம் கோழியின் உயிரைக் காக்கப் பயன்படாமல் போவதுதான் உண்மையான பின்னடைவு.

வெள்ளைக் கழிச்சல் ஒரு முறை வந்தால், தடுப்பூசி போடாத கோழிகளில் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் செத்துப்போகும். அப்போது புதுக் கம்பிக் கூண்டும் பழைய மூங்கில் கூடும் ஒன்றுபோல் வெறுமையாக நிற்கும். கடன் மட்டும் மிஞ்சும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைத் தோலடியில் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுமுறை என்று தவறாமல் போட வேண்டும். இதில் சிறு விவசாயிக்கு ஓர் இடையூறு உண்டு. மருந்துக் குப்பி பல கோழிகளுக்கான அளவில் வருகிறது. கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழிக்காக ஒரு குப்பியை யாரும் உடைப்பதில்லை. ஆதலால் தெருவில் உள்ள பத்து வீட்டுக்காரர்கள் ஒரே நாளைக் குறித்துக்கொண்டு, ஐஸ் வைத்து மருந்தைக் கொண்டுவந்து, எல்லாக் கோழிக்கும் ஒன்றாகப் போட்டுவிட வேண்டும். மகளிர் குழுக்கள் இதை எளிதில் செய்யலாம். கூண்டில் மிச்சமாகும் பணத்தின் முதல் செலவு இதுவே. குடற்புழு மருந்து இரண்டாவது. கூட்டுக் கதவுக்கு உறுதியான கம்பி வலையும் தாழ்ப்பாளும் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் பரணில் மாற்றுப் பொருள் கிடையாது. இவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பயிற்சி கொடுப்பவர்களும் திட்டம் வகுப்பவர்களும் தங்கள் பட்டியலைத் திருத்திக்கொள்வது நல்லது. என்ன வாங்க வேண்டும் என்று தொடங்குவதற்குமுன், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஆண்களிடம் மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். அடை வைப்பதும், குஞ்சைக் கவிழ்ப்பதும், முட்டைக் காசில் பிள்ளைக்கு நோட்டு வாங்குவதும் வீட்டுப் பெண்கள். எந்தப் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நல்ல நிலையில் உள்ள கலப்பையையும் குதிரையும் சிதைக்க வேண்டியதில்லை. உடைந்ததும் ஓரம் போனதுமே போதும். புதிதாகத்தான் வேண்டுமென்றால், ஊரில் இன்னும் கூடை முடைபவர் ஒருவர் இருந்தால் பஞ்சாரத்தை அவரிடமே சொல்லிச் செய்துகொள்வது நல்லது. பணம் ஊருக்குள் நிற்கும், கைத்தொழிலும் நிற்கும். கூடை முடைபவர் இல்லாமற்போன ஊரில், பஞ்சாரம் கிழிந்தால் மாற்று இல்லை.

பழம்பொருள் வியாபாரி வாசலில் வந்து ஆட்டுக்கல்லுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் விலை கேட்கிறார். அவற்றை விற்பதா, அடுப்பில் வைப்பதா என்று முடிவு செய்யுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி உள்ளதையெல்லாம் இறக்கிப் பார்க்கட்டும். தட்டி எத்தனை, பானை எத்தனை, பெட்டி எத்தனை என்று எண்ணட்டும். அவற்றை வெயிலில் காயவைத்துவிட்டு, மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குப் போய்த் தடுப்பூசி நாளைக் கேட்டு வரட்டும். கோழி வளர்ப்பை இந்த வரிசையில் தொடங்கினால், கடன் இல்லாமலே கோழி நிற்கும்.